பூரி என்றொரு கொம்பில்லாக் காளை

போன தையில் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா மகன் அண்ணன் பெருந்துறைப் பக்கம் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன்) கலப்பு மாடுகள் வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். நான் போய் இறங்கிய காலையில் மாட்டு டாக்டர் வந்து ஒரு கிடேரிக் கன்றுக்குக் கொம்புக் குருத்து சுட்டுக்கொண்டிருந்தார். குருத்தைச் சுற்றி முடியைக் கத்தரித்து, கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்ச நேரம் தேங்காய் விலை பேசிவிட்டு, சூட்டுக்கோலைக் குருத்தின்மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். ஊசி போட்டிருந்தும் கன்று துள்ளியது. முடி கருகிய வாடை மத்தியானம் வரை தொழுவத்தைவிட்டுப் போகவில்லை.

"ஏம்ப்பா, கொம்பே வராத கன்னு போடற சினை ஊசி வெளிநாட்டுல வந்திருச்சாமா? யூடியூப்ல சொன்னான்" என்றார் அண்ணன். வர இருந்தது, நின்றுபோனது என்றேன். "ஏன் நின்னுச்சு?" "நெனைக்காத துண்டு ஒண்ணு சேர்ந்து உள்ள போயிருச்சுங்ணா." "எதுக்குள்ள? பாலுக்குள்ளயா?" "மாட்டோட ஜீனுக்குள்ளங்ணா." அண்ணன் கன்றின் நெற்றியில் மருந்து தடவிக்கொண்டே கேட்டார்: "அந்த மாடு பொறந்து நல்லாத்தான நின்னுச்சு? அப்பறம் என்ன கேடு?"

அப்போது நான் ஏதோ மழுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். சில காலம் மாட்டுத் தோல் செல்களை வளர்த்து அவற்றுக்குள் ஜீன் புகுத்தும் வேலையைச் சம்பளத்துக்குச் செய்தவன் நான். இந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணன் யூடியூபில் பார்த்த காளையின் பெயர் பூரி. (கிழங்கு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கும் ரீகாம்பினெடிக்ஸ் என்ற நிறுவனம் 2015இல் உருவாக்கிய இரண்டு ஹோல்ஸ்டீன் கன்றுகளில் ஒன்று. இன்னொன்றின் பெயர் ஸ்பாட்டிஜி. ஆங்கஸ் மாதிரியான கறி இனங்களில் இயற்கையாகவே கொம்பு கிடையாது. அதற்குக் காரணமான மாற்றம் முதலாம் குரோமோசோமில் இருக்கிறது: 212 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இரட்டித்து, பக்கத்திலிருக்கும் 10 எழுத்துகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். ஹோல்ஸ்டீனை ஆங்கஸோடு சேர்த்தும் இதைக் கொண்டுவரலாம். ஆனால் பால் குறைந்துவிடும்; அதை மீட்டெடுக்கத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பக் கலக்க வேண்டும். பால் வர்க்கம் கெடாமல் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் ஹோல்ஸ்டீன் செல்லுக்குள் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது நிறுவனத்தின் யோசனை. நல்ல யோசனைதான், இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். 2016இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' ஆய்விதழில் கட்டுரை வந்தது. இயற்கையில் ஏற்கெனவே உள்ள மாட்டு ஜீன்தான், அந்நியச் சரக்கு எதுவும் இல்லை, குறி தவறிய வெட்டு எதுவும் இல்லை என்றார்கள். பத்திரிகைகளும் அப்படியே எழுதின. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அலிசன் வான் ஈனென்னாம் என்ற கால்நடை மரபியலாளர் பூரியை வளர்த்து, அதன் விந்தைக் கொம்புள்ள ஹெர்ஃபோர்டு மாடுகளுக்குச் செலுத்தி, ஆறு கன்றுகளை ஈன வைத்தார். பிரேசிலில் இந்த வர்க்க மாடுகளை வளர்க்கும் ஏற்பாடுகூட நடந்துகொண்டிருந்தது.

உள்ளே விடுவது வரைதான் நம் கையில்

மாட்டுக்குள் ஜீன் புகுத்துவது என்றதும் பெரும்பாலானவர்கள் மனதில் வருவது ஊசி. ஆரம்பத்தில் ஊசிதான். கருவுற்ற முட்டையில் தாய் தந்தை உட்கருக்கள் ஒன்றுசேரும் முன், அதில் ஒன்றுக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியால் டி.என்.ஏ. கரைசலைச் செலுத்துவார்கள். எலி முட்டை கண்ணாடி மாதிரித் தெளிவு, உட்கரு பளிச்சென்று தெரியும். மாட்டு முட்டை முழுக்கக் கொழுப்புத் துளிகள், ஒரே இருட்டு. சென்ட்ரிஃபியூஜில் போட்டுச் சுற்றிக் கொழுப்பை ஒரு பக்கம் ஒதுக்கினால்தான் குத்த வேண்டிய இடமே கண்ணுக்குத் தெரியும். நெதர்லாந்தில் 1990 டிசம்பரில் பிறந்த ஹெர்மன் என்ற காளை இப்படி வந்ததுதான். மனிதத் தாய்ப்பாலில் இருக்கும் லாக்டோஃபெரின் புரதத்துக்கான ஜீன் அதற்குள் வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சோதனையில் பிறந்த 19 கன்றுகளில் ஜீன் ஏறியவை இரண்டே. ஹெர்மனை இனப்பெருக்கத்துக்கு விடலாமா என்று அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் விவாதமே நடந்தது. 2004இல் அது இறந்த பிறகு பாடம்செய்து லைடன் நகர அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஊசியில் பெரிய சிக்கல், உள்ளே போன டி.என்.ஏ. எங்கே போய் உட்காரும் என்பது யார் கையிலும் இல்லை. இன்னொரு விநோதமும் எண்பதுகளிலேயே எலிகளில் தெரிந்துவிட்டது. செலுத்திய பிரதிகள் தனித்தனியாக உட்காருவது குறைவு. ஒன்றின் வால் அடுத்ததன் தலையோடு ஒட்டி, சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, ஒரே இடத்தில் மொத்தமாகப் போய் ஏறும். கோப்பது நாம் கிடையாது, செல். செல்லைப் பொறுத்தவரை அறுந்த முனையோடு மிதக்கும் டி.என்.ஏ. ஆபத்து. அறுந்த முனை இரண்டு கண்ணில் பட்டால் அவற்றை ஒட்டிவிடும் நொதிகள் எப்போதும் தயாராக நிற்கின்றன. அவை எது மாட்டுடையது, எது நாம் போட்டது என்று விசாரிப்பதில்லை.

அடுத்து வைரஸைப் பிடித்தார்கள். தன் ஜீனைத் தானே குரோமோசோமில் ஏற்றிவிடும் ரெட்ரோ வைரஸைப் பெருக முடியாதபடி முடக்கி, அதற்குள் ஜீனை வைத்து, முட்டையின் மேலுறைக்கு அடியில் விட்டு, 1998இல் மாட்டுக் கன்றுகள் பெற்றார்கள். அது நன்றாகவே ஏறும், ஆனால் சுமக்கும் அளவு குறைவு. இடமும் நம் விருப்பம் இல்லை. அதே ஆண்டில்தான் வேறு வாசல் திறந்தது: கருவுக்குள் ஜீனை விடாமல், கருவிலிருந்து எடுத்த தோல் செல்லுக்குள் விட்டு, ஏறிய செல்லை மட்டும் பொறுக்கி, அதன் உட்கருவை வெறும் முட்டைக்குள் மாற்றிக் குளோன் செய்வது. ஜார்ஜ், சார்லி என்று பெயர் வைக்கப்பட்ட கன்றுகள் அப்படிப் பிறந்தன. மடிநோய்க் கிருமியை எதிர்க்கும் ஆனி என்ற ஜெர்சிப் பசுவும் இந்த வழிதான். எலியில் இருப்பது மாதிரி நம்பகமான கருமூலச் செல்கள் (எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல்கள்) மாட்டில் 2018 வரை கைக்கு வராததால், தோல் செல்லை விட்டால் ஆய்வகக்காரர்களுக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை.

அந்தத் தோல் செல் வேலையைத்தான் நான் பார்த்தேன். காது நுனியில் கடுகு அளவு துண்டு எடுத்து, கத்தியால் பொடியாக நறுக்கி, தட்டில் ஒட்ட வைத்து, மேலே இளஞ்சிவப்பு ஊடகத்தை ஊற்றி வைப்போம். சில நாளில் துண்டின் விளிம்பிலிருந்து கதிர் வடிவத்தில் நீண்ட செல்கள் ஊர்ந்து வெளியே வரும். போதுமான அளவு பெருகியதும் டிரிப்சின் ஊற்றிப் பெயர்த்து, டி.என்.ஏ.வோடு கலந்து, இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு வைத்த சின்னக் குப்பியில் போட்டு, ஒரு நொடிக்கும் குறைவாக மின்சாரம் கொடுக்க வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம். குப்பியின் மேல்பக்கம் வெள்ளையாக நுரை கட்டும். அதில் நூல்நூலாகக் கொழகொழவென்று மிதப்பது செத்த செல்களின் டி.என்.ஏ. மிச்சம் இருப்பவற்றின் சவ்வில் மின்சாரம் போட்ட துளைகள் வழியாக நாம் கொடுத்தது உள்ளே போயிருக்கும். பச்சையாக ஒளிரும் புரதத்துக்கான ஜீனையும் கூடவே கொடுத்திருந்தால், மறுநாள் இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது அங்கங்கே பச்சையாக ஒளிரும். முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லாருமே குஷியாகிவிடுவார்கள். சில நாளில் பெரும்பாலான பச்சை அணைந்துபோகும், ஏனென்றால் உள்ளே போனதே தவிரக் குரோமோசோமில் ஏறவில்லை. உண்மையில் ஏறியவற்றைப் பிடிக்க ஜி418 என்ற செல்லைக் கொல்லும் மருந்தை ஊடகத்தில் கலந்து, கூடவே கொடுத்த (மாட்டுச் செல் படிக்கும்படி அமைத்த) நியோமைசின் எதிர்ப்பு ஜீன் ஏறாத செல்களைச் சாகவிட்டு, தப்பிப் பிழைத்த கூட்டங்களைச் சின்ன வளையத்தால் அடைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

இதில் வெளியே யாரும் பேசாத ஒரு நெருக்கடி இருக்கிறது. தோல் செல்லுக்கு ஆயுசு குறைவு. குறிப்பிட்ட தடவை பிளந்ததும் கிழடு தட்டிப் பரந்து, அகன்று, நின்றுவிடும். கிழட்டுச் செல்லைக் குளோனிங்குக்கு அனுப்பி லாபமில்லை. ஆகவே ஒற்றைச் செல்லிலிருந்து கூட்டமாக வளர்ந்து, கொஞ்சத்தைப் பரிசோதனைக்கு எடுத்து, மிச்சத்தை உறைய வைப்பதற்குள் ஓட்டமும் நடையுமாக இருக்கும். அந்த அவசரத்தில் கைக்கு எட்டும் பரிசோதனை, குறித்த டி.என்.ஏ. துண்டை மட்டும் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். மட்டுமே. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் எதிர்பார்த்த நீளத்தில் கோடு தெரிந்தால் சந்தோஷம், அடுத்த வேலைக்குப் போய்விடலாம்.

பூரிக்குள் நடந்தது

பூரிக்கு உபயோகித்தது டேலன். இப்போது பிரபலமான கிரிஸ்பருக்குச் சற்று முந்திய டி.என்.ஏ. கத்தரி, குறித்த இடத்தில் மட்டும் வெட்டும். வெட்டிய இடத்தில் கொம்பில்லாத் துண்டு வந்து ஒட்ட வேண்டும். அதற்கு மாதிரியாகப் பார்த்து எழுதிக்கொள்ள ஒரு வார்ப்பு டி.என்.ஏ.வைக் கூடவே கொடுப்பார்கள். அந்த வார்ப்பு பிளாஸ்மிட் என்ற பாக்டீரிய வட்ட டி.என்.ஏ.வில் ஏற்றப்பட்டிருந்தது. ஆய்வகத்தில் எல்லாத் துண்டும் அப்படித்தான் இருக்கும், ஈ.கோலி பாக்டீரியாவில் பெருக்குவதற்கு அதுதான் வசதி. பிளாஸ்மிட் ஏறிய பாக்டீரியாவைப் பொறுக்க அதில் ஆம்பிசிலின் எதிர்ப்பு ஜீனும் நியோமைசின் எதிர்ப்பு ஜீனும் இருந்தன. கணக்கின்படி செல் அந்தத் துண்டை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளும், வட்டம் அப்படியே சிதைந்துபோகும்.

பூரியின் முதலாம் குரோமோசோம் ஜோடியில் ஒன்றில் அப்படியே நடந்தது. இன்னொன்றில் செல் தன் பழைய வழக்கத்தைக் காட்டிவிட்டது. கொம்பில்லாத் துண்டு ஏறியது, அதன் இன்னொரு பிரதியும் சேர்ந்து ஏறியது, நடுவில் பாக்டீரியாவின் மொத்தப் பிளாஸ்மிடும் வந்து உட்கார்ந்துகொண்டது. டேலன் இம்மி பிசகாமல் சரியான இடத்தில்தான் வெட்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். குறி தவறவில்லை. குறி வைத்த இடத்திலேயே, எதிர்பாராத சரக்கோடு ஒட்டியிருக்கிறது.

இதை ஏன் நான்கு வருடம் யாரும் பார்க்கவில்லை? பி.சி.ஆர். குட்டையான துண்டை விருந்தாகச் சாப்பிடும், நீளமானதை அநேகமாகத் தொடாது. ஒரு குரோமோசோமில் எதிர்பார்த்த நீளம், இன்னொன்றில் ஆயிரக்கணக்கான எழுத்து கூடிய நீளம் என்றால் ஜெல்லில் முதல் கோடு மட்டும் பளிச்சென்று விழும். பார்ப்பவர், இரண்டு குரோமோசோமிலும் சுத்தமாக ஏறிவிட்டது என்றே எழுதுவார். அது போகட்டும், மாட்டின் மொத்த டி.என்.ஏ.வான ஜீனோமையும் எழுத்து எழுத்தாக வரிசைப்படுத்தினார்களே என்று கேட்கலாம். வரிசைப்படுத்தினார்கள். அந்தத் தரவு பொதுவில்தான் கிடந்தது. வரிசைப்படுத்தும்போது கிடைப்பது கோடிக்கணக்கான சின்னத் துண்டுகள்; அவற்றை ஏற்கெனவே உள்ள மாட்டு ஜீனோமோடு ஒப்பிட்டு, எந்தத் துண்டு எந்த இடத்தது என்று மென்பொருள் அடுக்கும். பட்டியலில் பெயர் இல்லை என்று வாக்குச்சாவடியில் ஆளைத் திருப்பி அனுப்புவது மாதிரி, மாட்டு ஜீனோமில் இடம் கிடைக்காத துண்டுகளை மென்பொருள் ஒதுக்கிவிடும். பாக்டீரியாவின் நியோமைசின் ஜீனுக்கு மாட்டு ஜீனோமில் ஏது இடம்? அது ஒதுக்கலில் போய்விட்டது. கத்தரி வேறெங்கேனும் வெட்டிவிட்டதா என்று மட்டுமே ஆராய்ந்து, இல்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். அந்த அளவில் அது உண்மையும்கூட.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் கணினி உயிரியலாளர்கள் செய்தது மிக எளிமையான காரியம். அதே தரவை எடுத்து, ஒப்பிடும் பட்டியலில் மாட்டு ஜீனோமோடு அந்தப் பிளாஸ்மிடின் வரிசையையும் சேர்த்தார்கள். உடனே துண்டுகள் வந்து உட்கார்ந்தன. 2019 ஜூலையில் முன்பதிப்பாக (சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்) வெளியிட்டார்கள், 2020இல் அதே 'நேச்சர் பயோடெக்னாலஜி'யில் வந்தது. நிறுவனத் தரப்பில் சொன்ன விளக்கம், இதை எதிர்பார்க்கவில்லை, அதனால் தேடவில்லை என்பது. பிரேசில் திட்டம் கைவிடப்பட்டது.

இந்த விளக்கத்தைப் படித்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன், இன்னும் வெளியே வரவில்லை. "எதிர்பார்க்கவில்லை" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிளாஸ்மிடை ஒரு செல்லுக்குள் தள்ளி, கூடவே குரோமோசோமையும் வெட்டினால், வெட்டிய முனையில் பிளாஸ்மிட் ஒட்டக்கூடும் என்பது இந்தத் தொழிலில் தட்டுக் கழுவுகிறவருக்கும் தெரியும். ஜி418 ஊற்றிச் செல்லைப் பொறுக்கும் மொத்தக் கலையுமே பிளாஸ்மிட் போய் ஒட்டும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறது! தேவைப்படும்போது ஒட்டும் என்று நம்பிப் பிழைப்பு நடத்திவிட்டு, தேவையில்லாதபோது ஒட்டாது என்று எப்படி நினைக்கத் தோன்றும்? கத்தரி புதிது, துல்லியமானது என்ற மிதப்பில் எல்லாருடைய கவலையும் கத்தரி மீதே போய்விட்டது என்பதுதான் என் ஊகம். வெட்டுவது எங்கே என்பதில் முப்பது வருடத்தில் மலையளவு முன்னேற்றம். ஒட்டுவது மட்டும் ஹெர்மன் காலத்துச் செல் ஒட்டிய அதே விதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019இல் இன்னும் ஒருபடி போய், எலிச் செல்லில் கிரிஸ்பர் வெட்டிய இடத்தில், ஊடகத்தில் ஊட்டமாகச் சேர்த்த கன்றின் ரத்தச் சீரத்திலிருந்த மாட்டு டி.என்.ஏ.வே போய் ஒட்டியிருந்ததைக் காட்டினார்கள். யாரும் கொடுக்காத டி.என்.ஏ. அது.

அப்பறம் என்ன கேடு?

அண்ணன் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால், பூரிக்குக் கேடு எதுவும் இல்லை. அந்த எதிர்ப்பு ஜீன்கள் பாக்டீரியா படிக்கும்படி எழுதப்பட்டவை, மாட்டுச் செல்லுக்கு அவற்றை வாசிக்கும் தொடக்கக் குறி கிடையாது. பாலிலோ கறியிலோ அவற்றால் ஏதும் வர வழியில்லை. நம் குடலில் ஏற்கெனவே அந்த மாதிரி ஜீன்களைச் சுமக்கும் பாக்டீரியா ஏராளம். செய்தி வெளியானபோது "அசுர மாடு" பாணியில் எழுதியவர்களைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆறு கன்றுகளையும் டேவிஸில் சோதித்தார்கள். ஆறுக்கும் கொம்பு வரவில்லை, எல்லாம் ஆரோக்கியம். பிளாஸ்மிட் ஒரு குரோமோசோமில் மட்டும் இருந்ததால் கன்றுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான்கு கன்றுகளில் இருந்தது, இரண்டில் இல்லை. அந்த இரண்டும் நிறுவனம் முதலில் சொன்னபடியே சுத்தமானவை. எஃப்.டி.ஏ. சுட்டிக்காட்டும் முன்பே தேடியிருந்தால் சாதாரண இனச்சேர்க்கையில் ஒரே தலைமுறையில் கழித்துவிட்டு நிம்மதியாக மேலே போயிருக்கலாம். அமெரிக்கச் சட்டத்தில் இப்படி மாற்றிய டி.என்.ஏ. 'விலங்கு மருந்து' என்ற கணக்கில் வருகிறது (விந்தையான சட்டம்தான், அது தனிக் கதை). அனுமதி இல்லாத அந்த மாடுகளின் பாலும் கறியும் சந்தைக்குப் போக முடியாது.

எனக்குக் கேடாகப்படுவது வேறு. "அந்நியச் சரக்கு இல்லை" என்பது ஒரு விற்பனை வாசகமாக இருந்தது. அதை வைத்துத்தான் இந்த மாட்டுக்குக் கடுமையான ஒழுங்குமுறை தேவையில்லை என்று வாதாடினார்கள். அந்த வாதத்தில் எனக்கே பெருமளவு உடன்பாடு உண்டு. இயற்கையில் உள்ள மாற்றத்தையே கொண்டுவருகிற கன்றை மருந்து என்று நடத்துவது அபத்தம். ஆனால் வாதத்துக்கு ஆதாரமான ஒரே சோதனையை, பட்டியலில் ஒரு வரி கூடுதலாகச் சேர்ப்பதை, வாதாடியவர்கள் செய்யவில்லை. கட்டுப்பாடு வேண்டாம் என்று யாரிடம் சொன்னார்களோ அவர்களே வந்து கண்டுபிடித்தார்கள். இனி இந்தத் துறையில் யார் "இல்லை" என்று சொன்னாலும், எதையெல்லாம் தேடிவிட்டு இல்லை என்கிறீர்கள் என்று நான் கேட்பேன். குருத்து சுடும் வாடை இல்லாத தொழுவம் அண்ணனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லாததால்தான் கோபமும் அதிகம்.

இதன் பிறகு துறை கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. வார்ப்பு ஏதும் கொடுக்காமல் வெட்டி மட்டும் விட்டுவிடும் மாற்றங்களைப் பலர் விரும்புகிறார்கள். 2022 மார்ச்சில் எஃப்.டி.ஏ. ஆபத்து குறைவு என்று ஏற்றுக்கொண்ட குட்டைமுடி மாடுகள் அந்த ரகம்: புரோலாக்டின் என்ற ஹார்மோனின் ஏற்பிக்கான ஜீனை வெட்டிக் குறுக்கியதில் முடி குட்டையாகி, வெயில் தாங்கும். வார்ப்பு இல்லையென்றால் அதைச் சுமக்கும் பிளாஸ்மிடும் வேண்டியதில்லை. ஆனால் புதிதாக ஒரு ஜீனைச் சேர்க்க வேண்டும் என்றால் வார்ப்பு இல்லாமல் முடியாது. டேவிஸ் குழு 2020 ஏப்ரலில் காஸ்மோ என்ற காளைக் கன்றைப் பெற்றபோது அதைத்தான் செய்தது. ஆண்மையைத் தீர்மானிக்கும் எஸ்.ஆர்.ஒய். ஜீனை, குளோனிங் இல்லாமல், நேராகக் கருவிலேயே கிரிஸ்பரோடு செலுத்தி, 17ஆம் குரோமோசோமில் வைத்தார்கள். கத்தரி சரியான இடத்தில்தான் வெட்டியது. இந்த முறை நீண்ட துண்டுகளைப் படிக்கும் கருவியால், பிளாஸ்மிடையும் சேர்த்தே தேடினார்கள். ஒரு குரோமோசோமில் 26 எழுத்துகள் கூடியிருந்தன. மற்றதில் அவர்கள் வைக்க நினைத்த ஜீன் ஏழு பிரதிகளாக ஏறியிருந்தது, கூடவே ஒரு பிளாஸ்மிட். 2021இல் வெளியான கட்டுரையில் அதை அவர்களே எழுதியிருக்கிறார்கள்.